சுங்கான் பிடிக்கும் முறை

கலாசாலை மலரிலே, அதிலும் தமிழ்ப் பகுதியிலே, அதிலும் ஒரு மாணவி, சுங்கான் பிடிக்கும் முறையைக் குறித்து எழுத முற்படுதல் தகுமோ என்று ஐயுறுவார் சிலர் இருத்தல் கூடும். அன்னோர்க்கு முதற்கண் ஒன்று சொல்லிவிடுகின்றேன். எரிகின்ற சுங்கானை யான் இன்றுவரை வாயில் வைத்ததில்லை. வைக்கும் எண்ணமும் இல்லை. ஆயினும், கிண்ணத்தில் இலையை நிரப்புதல், தீ மூட்டுதல், மூட்டிய தீயை அவியாமற் காத்தல், முடிவிற் குழலைத் துடைத்து வைத்தல் ஆகிய இவற்றை ஓராண்டுக்கு மேலாக மாலைதோறும் ஓர் ஆசிரியரிடம் முறையாகப் பாடங்கேட்டவள் யான். தொல்காப்பியத்தை எத்துணை நாள் பாடங்கேட்டேனோ அத்துணை நாள் இதனையும் கேட்டிருக்கின்றேன். எதில் மிகுதியாகத் தேறினேன் என்பதை எங்கள் தமிழ்ப் பேராசிரியர்கள் அறிவார்கள்.

இக்காலத்தார் 'பைப்பு' என்று வழங்குங் கருவிக்குச் 'சுங்கான்' என்னும் பெயர் நம் நாட்டில் நெடுநாளாக வழங்கி வருகின்றது. கப்பலைத் திருப்புஞ் 'சுக்கான்' வேறு, இது வேறு. ஓரெழுத்துப் பிழைத்தால் மாலுமி தன் கப்பலையே புகைத்துவிடுவான். 'புகையிலை' என்பதும் நம்மவர் ஆக்கிக்கொண்ட சொல்லே. அமெரிக்கக் கண்டத்துச் செடியாகிய அது போர்த்துக்கீசியர் வாயிலாக இந்நாடு புகுந்தபொழுது, அதன் தொழிலையே அதற்குப் பெயராகச் சூட்டிவிட்டனர் தமிழர். பெயர் சூட்டியதோடு நின்றனரா? சீனிச்சர்க்கரைப் புலவர் என்பார் 'புகையிலை விடு தூது' என ஒரு பிரபந்தமே பாடினார். உ. வே. சாமிநாதையரவர்கள் அதனைத் தேடிப் பதிப்பித்துத் தந்தார்கள். அன்னமும் கிளியும் மேகமும் நடந்த தூது வழியிற் புகையிலையும் நடந்தது என்றால் அதன் செல்வாக்கை என்னென்பது!

இன்னுமொரு சொல்லாராய்ச்சி, அதன்பின் கருவிக்கு வருவேன். நம் முன்னோர் 'சுருட்டுக் குடித்தல்', 'புகை குடித்தல்' என்றனர். ஆங்கிலேயரும் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே புகையிலையைக் 'குடித்தல்' என்றே வழங்கினர். கடலிடைப்பட்ட இரு நாட்டார் ஒரே வினைச்சொல்லைத் தேர்ந்தெடுத்தமை வியப்பிற்குரியது. ஆனாற் குடித்தலிலும் வகையுண்டு. மாந்துதல் ஒன்று, பருகுதல் ஒன்று, உறிஞ்சுதல் ஒன்று. சுங்கானுக்கு உரியது மூன்றாவது. அதிலும், கொதிக்கின்ற காப்பியை நுனிநாவினால் அஞ்சியஞ்சி உறிஞ்சுகின்றோமே, அத்தகைய உறிஞ்சுதல். புதிதாகத் தொடங்குவோர் பெரும்பாலும் மாந்துவர். அவர்தம் இடர்ப்பாடு அனைத்தும் அவ்வொரு வினைச்சொற் பிழையினின்றே பிறக்கின்றது.

எனக்கு ஆசிரியராய் அமைந்தவர் என் பாட்டனார். ஆனைமலைத் தொடரில், வால்பாறையைச் சார்ந்த தேயிலைத் தோட்டமொன்றில் 1962 முதல் 35 ஆண்டுகள் எழுத்தராயிருந்தவர். அத்தோட்டத்து மேலாளராயிருந்த ஸ்காத்துலாந்துக்காரர் ஒருவர் 1970-இல் தம் நாடு திரும்பும்பொழுது, தம்முடைய சுங்கான்களுள் ஒன்றை இவரிடம் அளித்து, அதனைக் கையாளும் முறையையும் இரண்டு மாலைப்பொழுதிற் கற்பித்துச் சென்றாராம். அன்று தொடங்கி, நாள்தோறும் கணக்கு முடிந்த பின்னர் ஒருமுறை. அதற்கு மேலும் இல்லை, குறைவும் இல்லை. மழை ஓயாத அம்மலையிலே அவ்வொரு கிண்ணம் நெருப்பு அவருக்குத் துணையாயிருந்ததென்பார்.

2023-ஆம் ஆண்டிலே அவர் நாக்கின் ஓரத்தில் வெண்மையான திட்டொன்று தோன்றிற்று. மருத்துவர் ஒரு சிறு துணுக்கை எடுத்துச் சோதித்தார். புற்றுநோய் அன்று, ஆயினும் நாளடைவிற் புற்றாக மாறத்தக்கது. இனி ஒரு நாளும் புகை கூடாது என்று சொல்லிவிட்டார். பாட்டனார் மறுமொழி ஒன்றும் கூறாமல் வீடு வந்தார், அன்றே விட்டார். விட்டது புகையைத்தான், சுங்கானை அன்று. மாலையில் ஐந்து மணி ஆனவுடன் அதனை எடுத்து மேசையின்மேல் வைத்துக்கொள்வார். கிண்ணத்தைக் கட்டைவிரலினால் தடவுவார். திரும்ப எடுத்து வைத்துவிடுவார். இவ்வாறு ஒரு திங்கள் கழிந்தது. "வாய் கேட்கவில்லை, அம்மா, கைதான் வேலையைக் கேட்கின்றது" என்றார் ஒரு நாள். அது முழுதும் மெய்யோ, பாதி மெய்யோ, யான் அறியேன். "அப்படியானால் எனக்குச் சொல்லிக் கொடுங்கள், தாத்தா. நான் நிரப்புகிறேன், நீங்கள் பிழை சொல்லுங்கள்" என்றேன். இங்ஙனந் தொடங்கிற்று எங்கள் திண்ணைப் பள்ளிக்கூடம்.

என் அன்னைக்கு இவ்வேற்பாடு சிறிதும் உடன்பாடன்று. கள்ளை விட்டவன் எதிரே கலயத்தை வைப்பாருண்டோ என்று கேட்டார்கள். கேள்வியிலே நியாயம் இல்லாமலில்லை. வாயினால் மேலும் வாதாடாமல், வீட்டிலிருந்த தீப்பெட்டிகளையெல்லாம் எடுத்துத் தம் அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். அடுப்பு மூட்டுதற்குப் பொறி தட்டும் லைட்டர் ஒன்றே எஞ்சியது. அப்பொறி சுங்கானுக்கு உதவாது.

இனிக் கருவியைப் பார்ப்போம். பாட்டனாருடைய சுங்கான் பிரையர் என்னும் கட்டையினாற் செய்யப்பட்டது. மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகளில் வளரும் ஒரு புதர்ச்செடியின் அடிவேரில் உருண்டு திரண்டிருக்கும் கட்டியே பிரையராகும். அதனை அகழ்ந்தெடுத்து, அறுத்து, நீரிலே பல மணி நேரம் கொதிக்கவைத்து அதன் சாற்றைப் போக்கி, பின்னர்த் திங்கட்கணக்காக நிழலில் உலர்த்துவர். தீயை எளிதிற் பற்றாத இயல்பு அக்கட்டைக்கு உண்டு. பிரெஞ்சு நாட்டிலே ஜூரா மலையடிவாரத்தில் உள்ள சேன் குளோடு என்னும் ஊர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் இத்தொழிலாற் பெயர்பெற்றது. அதற்கு முன்னர் ஐரோப்பியர் பெரும்பாலும் வெண்களிமண் சுங்கான்களையே கையாண்டனர். பெயர்பெற்ற இசைப்புலவர் பாக் என்பாருடைய மனைவிக்காக 1725-இல் தொடங்கப்பெற்ற இசைக் குறிப்பேட்டிலே, சுங்கானையும் மனிதனையும் ஒரே களிமண்ணாக வைத்து நினைக்கும் பாட்டொன்று உண்டு. கோயில் இசையிலே தோய்ந்திருந்த அக்குடும்பத்தார் புகைக்கும்பொழுதும் மண்ணையே நினைத்தனர் போலும்!

சுங்கானின் உறுப்புக்கள் சிலவே. இலையைக் கொள்வது கிண்ணம். கிண்ணத்தின் அடியினின்று புறப்படுவது கழுத்து. கழுத்திற் செருகப்படுவது கருநிறமான குழல். அது கந்தகங் கலந்து கடினமாக்கிய இரப்பரினால் ஆயது. கிண்ணத்தின் அடியிலுள்ள சிறு துளையே புகையின் வாயில். அத்துளை அடைபடாமற் காத்தலே நிரப்பும் கலையின் முதற் சூத்திரம்.

நிரப்புதற்கு முன்னர் இலையின் ஈரத்தை அறிதல் வேண்டும். இலை மெல்லிய இழைகளாக அரியப்பட்டிருக்கும். சில வகை வில்லையாக அழுத்தப்பட்டு வருதலின், உள்ளங்கையில் வைத்துப் பிசைந்து உதிர்த்துக்கொள்ளல் வேண்டும். ஒரு சிட்டிகை எடுத்து இரு விரல்களால் நெருக்கி விட்டுப் பார்த்தால், கட்டியாகவே நின்றுவிடின் ஈரம் மிகுதி. நொறுங்கினால் உலர்ச்சி மிகுதி. மெல்ல விரிந்து எழுமாயின் அதுவே பதம். ஈர இலை எரியாது, வேகும். ஆவி நாவைச் சுடும். மிக உலர்ந்த இலையோ வைக்கோற்போர் போல் விரைந்து வெந்தழியும். யான் முதன்முதல் நெருக்கிப் பார்த்துப் பதம் என்று கூறியபொழுது, பாட்டனார் அதனை வாங்கித் தம் விரல்களிடையே வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். "இன்னும் பத்து நிமிடம் தாளின்மேல் பரப்பி வை" என்றார். பத்து நிமிடங் கழித்து அதே விரல்களுக்கு அது வேறு பொருளாயிருந்ததை யானும் உணர்ந்தேன்.

நிரப்புதலைக் குறித்து மேனாட்டிலே பரவலான ஒரு வழக்கு உண்டு. முதற் சிட்டிகையைக் குழந்தையின் கையால் இடுக. இரண்டாவதைப் பெண்ணின் கையால் இடுக. மூன்றாவதை ஆணின் கையால் இடுக என்பர். அஃதாவது, முதலில் இலையை உதிர்த்து விளிம்பு வரை தானே விழவிட்டு, கிண்ணத்தின் பாதியளவிற்கு மிக மெல்லத் தாழ்த்துதல். பின்னும் விளிம்பு வரை இட்டு, முக்காற் பங்கிற்குச் சிறிது அழுத்தித் தாழ்த்துதல். இறுதியில் விளிம்பிற்கு மேல் எழும்படி இட்டு, விளிம்பிற்குச் சற்றே கீழ் நிற்கும்படி நன்றாக அழுத்துதல். அடியிலே இலகுவாகவும் மேலே இறுக்கமாகவும் இருந்தால் காற்று வழி அடையாது. தீ மேலே நின்று மெல்லக் கீழிறங்கும். முறை நல்ல முறைதான். உவமையை மட்டும் யான் ஒப்புக்கொள்ளேன். இதனைக் கட்டியவர் எங்கள் பெரியத்தையைக் கண்டிலர். முறுக்கு மாவு பிசையும் அவர்கள் கையால் இரண்டாஞ் சிட்டிகையை இட்டால், புகை அன்று, காற்றும் நுழையாது. இதனைச் சொன்னபொழுது பாட்டனார் நெடுநேரம் நகைத்தார்கள். அன்றுமுதல் எங்கள் வீட்டிலே 'ஒன்றாங் கை, இரண்டாங் கை, மூன்றாங் கை' என்றே வழங்குகின்றோம்.

நிரப்பியது சரியோ என்று அறிதற்குத் தீ வேண்டுவதில்லை என்பது எங்கள் நற்பேறு. தீயிடுமுன்னரே குழலை வாயில் வைத்து ஒருமுறை இழுத்துப் பார்த்தல் சுங்கான்காரர் அனைவர்க்கும் வழக்கம். இளநீரைக் குழலால் உறிஞ்சுங்கால் எத்துணைத் தடை தோன்றுமோ அத்துணைத் தடையே தோன்றுதல் வேண்டும். ஒன்றுந் தோன்றாவிடில் நிரப்பியது தளர்ச்சி. வழுக்கை புகுந்து குழலை அடைத்தாற்போல் முட்டுமாயின் இறுக்கம். இறுகியதை ஊசியாற் குத்திச் சீர்செய்தல் வீண். முழுதும் கொட்டிவிட்டு மீண்டும் தொடங்குதலே வழி. பாட்டனார் இழுத்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வார்கள். முதல் இரு வாரமும் "கொட்டு" என்பதன்றி வேறு தீர்ப்பில்லை. மூன்றாம் வாரத்திலே ஒருநாள் இழுத்துப் பார்த்து, ஒன்றுஞ் சொல்லாமல், மீண்டும் ஒருமுறை இழுத்தார்கள். அந்த இரண்டாம் இழுப்பு தீர்ப்புக்காக அன்று என்பதை யான் உணர்ந்தேன். இலையின் மணம் மாத்திரம் அவர் வாயிற் சென்றிருக்கும். அவர் முகத்தைப் பார்த்த யான், அன்னையின் கேள்விக்கு என்னிடம் விடையில்லை என்று கண்டேன். மறுநாளும் ஐந்து மணிக்குத் தகரப் பெட்டியைத் திறந்தேன்.

தீ மூட்டுதல் அடுத்த பாடம். அதனைப் பல நாள் வாய்ச்சொல்லாலேயே விளக்கி வந்தார்கள். ஒரு மாலை, "தீப்பெட்டி கொண்டு வா, அம்மா. இது சொல்லிக் கொடுக்கும் காரியமன்று" என்றார்கள். யான் எழாமல் இருந்தேன். "தாத்தா, அம்மா என்ன சொல்லுவார்களோ..." என்று இழுத்தேன். "அவளையே கேட்டு வாங்கி வா. ஒளித்துச் செய்ய என்ன இருக்கிறது?" என்றார்கள்.

அன்னை அலமாரியைத் திறந்தார்கள். ஒரு தீப்பெட்டியை எடுத்து, அதிலிருந்த குச்சிகளையெல்லாம் உள்ளங்கையிற் கொட்டி, இரண்டே இரண்டை மட்டும் திரும்ப இட்டு என்னிடம் தந்தார்கள். தாமும் பின்தொடர்ந்து வந்து நிலைப்படியருகே நின்றார்கள்.

பாட்டனார் நிரப்பிய சுங்கானை வாயில் வையாமல் மேசையின்மேல் நிறுத்திக்கொண்டார்கள். முதற் குச்சியைக் கிழித்தார்கள். "உடனே இலையருகே கொண்டுபோகலாகாது, முனையிலுள்ள மருந்து எரிந்து தீரட்டும். மரம் மட்டும் எரியும்பொழுதே கொண்டுபோக வேண்டும். இல்லையேல் முதற் புகை முழுதும் மருந்து நாற்றம்" என்று சொல்லி, சுடரை விளிம்பைச் சுற்றி வட்டமாக நகர்த்திக் காட்டினார்கள். "ஓரிடத்தில் நிறுத்தினால் ஒரு பக்கமே எரியும், கட்டையும் கருகும். இவ்வாறு சுற்றிக்கொண்டே மூன்று நான்கு முறை இழுத்தால், மேலிருக்கும் இழைகள் சுருண்டு எழும். எழுந்ததை மெல்ல அமுக்கிவிட வேண்டும். அப்பொழுது தீ அவிந்துவிடும். அவியட்டும். அது மெய்த் தீ அன்று, நிலத்தைப் பண்படுத்தும் உழவு" என்றார்கள். ஆணியொன்றின் தட்டையான தலையால் இலையை அமுக்குவதுபோல் காட்டினார்கள். பின்னர் இரண்டாங் குச்சியைக் கிழித்து, "இதுதான் விதைப்பு" என்று அதனையும் சுற்றினார்கள். சுடர் சிறிது தாழ்ந்தது. இழையொன்றின் நுனி சிவந்தது. நூல்போன்ற ஒரு புகை எழுந்தது. மூவரும் அதனையே நோக்கினோம். ஒருவரும் பேசவில்லை. குச்சி விரலை அணுகும் வரையிற் பிடித்திருந்து, பின்னர் அணைத்தார்கள். சுங்கான் மேசையின்மேலேயே இருந்தது. எரிந்த இரு குச்சிகளையும் எடுத்து, "கணக்குச் சரியா பார்த்துக்கொள், அம்மா" என்று என் அன்னையிடம் நீட்டினார்கள். அன்னை வாங்கிக்கொண்டார்கள்.

மறுநாள் தீப்பெட்டிகள் அடுப்பங்கரைப் பலகைக்குத் திரும்பி வந்திருந்தன. அதனைப் பற்றி எங்கள் வீட்டில் இன்றுவரை எவரும் ஒரு சொல்லும் பேசியதில்லை.

தீ மூண்ட பின்னர்ச் செய்வதை யான் கேள்வியறிவாகவே பெற்றேன். மிகுதியுஞ் சுவையானது இப்பகுதியே. நம் மொழியில் 'நீறு பூத்த நெருப்பு' என்றொரு தொடர் உண்டு. உள்ளே வஞ்சத்தை வைத்துப் புறத்தே அடங்கியிருப்பானைக் குறித்தற்கு அதனை வழங்குகின்றோம். சுங்கான்காரருக்கோ அதுவே குறிக்கோள். சாம்பல் மேலே போர்வையாக நிற்க, அதன் கீழே கனல் அவியலாமா வேண்டாமா என்று எண்ணிக்கொண்டிருத்தல் வேண்டும். அவியும் தறுவாயில் ஒரு சிறு உறிஞ்சல், மீண்டும் ஓய்வு. சாம்பல் தளர்ந்தால் ஆணித்தலையின் எடையளவே வைத்து அமுக்குதல். கும்மட்டி அடுப்பிலே கரியைச் சாம்பலால் மூடி வைத்து இரவு முழுதும் பால் காய்ச்சியவர் இதனை நொடியில் அறிவர். ஊதினால் தழைக்கும், பின் மாளும்; மூடினால் நெடுநேரம் வாழும். கிண்ணத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தால் இதமாயிருத்தல் வேண்டும். சுட்டால் மாந்துகின்றான் என்று பொருள். அப்பொழுது சுங்கானைக் கீழே வைத்துவிட வேண்டும். அவிந்துபோனால் மீண்டும் மூட்டலாம்; அதில் இழுக்கில்லை. பழகியவருக்கும் ஒரு கிண்ணத்தில் இரண்டு மூன்று முறை அவியும்.

இம்முறையிலே ஒரு கிண்ணம் முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை நிற்கும். ஷெர்லாக் ஹோம்ஸ் என்னும் கதைத் துப்பறிவாளர், 1891-இல் வெளிவந்த கதையொன்றில், ஒரு சிக்கலை அவிழ்க்க வேண்டிய காலத்தை மூன்று சுங்கான் அளவு என்று மதிப்பிட்டு, ஐம்பது நிமிடம் தம்மோடு பேசலாகாது என்று கேட்டுக்கொள்கின்றார். என் பாட்டனார் கணக்கின்படி அவர் மாந்தியவரே. மூளை கூர்மையாயிருக்கலாம், நா வெந்திருக்கும். (அவரே 1887-இல் வந்த முதற் கதையிலே திருச்சிராப்பள்ளிச் சுருட்டின் சாம்பலைக் கண்டு ஒரு கொலைஞனை நெருங்கினார் என்பது நம் நாட்டார் அறியத்தக்கது.) மேனாட்டிலே சுங்கான் கழகத்தார் போட்டிகளும் நடத்துவர். ஒவ்வொருவர்க்கும் 3 கிராம் புகையிலை, இரண்டு தீக்குச்சி, மூட்டுதற்கு ஒரு நிமிடம். அதன்பின் மீண்டும் மூட்டலாகாது. மிகுந்த புகை விடுபவன் வெல்வதில்லை. எவன் கிண்ணத்தில் நெருப்பு இறுதிவரை நிற்கின்றதோ அவனே வெல்வான். இரண்டு தீக்குச்சி என்னும் விதியைப் பாட்டனார்க்குப் படித்துக் காட்டியபொழுது, "உன் அம்மாவை நடுவராக அனுப்பலாம்" என்றார்கள்.

புகையை மார்பிற்குள் இழுத்தலாகாது என்பது சுங்கான்காரரின் விதி. வாயிற் கொண்டு வாயினாலேயே விட்டுவிடுவர். இதனாற் கேடில்லை என்று பலர் நெடுங்காலம் நம்பினர். நிக்கோட்டின் என்னும் நஞ்சு வாயின் உட்டோல் வழியாகவே குருதியிற் புகும். புதியவர்க்குத் தலைசுற்றலும் குமட்டலும் உண்டாவது அதனாலேதான். மாந்துவோர்க்கு அது விரைந்து வரும். அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை மருத்துவர் 1964-இல் வெளியிட்ட அறிக்கை, சிகரெட்டை ஆண்களின் நுரையீரற் புற்றுநோய்க்குக் காரணமென்று சொன்னதோடு, சுங்கானை உதட்டுப் புற்றுநோய்க்குக் காரணமென்றும் சொல்லிற்று. அதற்கு மூன்றரை நூற்றாண்டு முன்னரே, இங்கிலாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ் 1604-இல் புகையிலையைக் கண்டித்துத் தாமே ஒரு நூல் எழுதி, அதன்மேல் வரியையும் பன்மடங்கு உயர்த்தினார். 1611-இல் வெளிவந்த ஆங்கில வேதாகமத்திற்குப் பெயர் தந்த அரசர் அவரே. வேதாகமத்தை ஏற்றுக்கொண்ட அவர்தம் குடிகள் மற்றை நூலை ஏற்கவில்லை. என் பாட்டனார்க்குச் சுங்கான் அளித்த துரைமகனும் அக்குடியினரே.

இதனைப் படித்துவிட்டுச் சுங்கான் வாங்கப் புறப்படும் தோழர் எவரேனும் இருப்பின், கல்விக்கூடத்தினின்று நூறு கெசத்திற்குள்ளும், பதினெட்டு வயது நிரம்பாதவர்க்கும் புகையிலை விற்றலாகாது என்று 2003-ஆம் ஆண்டுச் சட்டம் விலக்குகின்றது என்பதை நினைவூட்டுகின்றேன். அதனினும் பெரிய விலக்கு அந்த வெண்மைத் திட்டு. நாளொன்றுக்கு ஒரே கிண்ணம், அதுவும் முறை பிறழாமல், மாந்தாமல், மார்பிற்குள் இழுக்காமல் கையாண்டவர் நாவிலே அது தோன்றிற்று. நல்ல முறை நாவைச் சுடாமற் காக்கும்; அதற்குமேல் அது காவாது.

எஞ்சிய பாடங்கள் சிலவே. புகைத்து முடிந்தவுடன் சூட்டோடு குழலைக் கழுத்தினின்று பிடுங்கலாகாது; கட்டை பிளக்கும். சாம்பலை உதிர்ப்பதற்குக் கிண்ணத்தைக் கல்லிலே தட்டலாகாது. கம்பியிலே பஞ்சிழை சுற்றிய துடைப்பானைக் குழல்வழியே செலுத்தி ஈரத்தைத் துடைத்தல் வேண்டும். புகைக்கும்பொழுதே களகளவென்று ஒலி எழுமாயின் அப்பொழுதும் அவ்வாறே செய்யலாம். ஒருமுறை புகைத்த சுங்கானுக்கு ஒரு நாளேனும் ஓய்வு வேண்டும் என்பர். ஒன்றே உடையவராகிய என் பாட்டனார் அதற்கு இருபத்துநான்கு மணி நேரமும் ஒழுங்காகத் தந்தே வந்திருக்கின்றார்கள். புதுச் சுங்கானைத் தொடக்கத்தில் மூன்றிலொரு பங்கே நிரப்பிப் பழக்குவர். உள்ளே கரிப்படை மெல்லப் படிந்து கட்டையைக் காக்கும். அப்படை நாணயத்தின் கனத்திற்கு மேற்படுமாயின் சுரண்டிவிடுவர். இல்லையேல் சூட்டில் விரிந்து கிண்ணத்தைப் பிளந்துவிடும். பாட்டனார் கிண்ணத்திலே அரை நூற்றாண்டின் படை இருக்கின்றது. விரலால் தொட்டால் கருங்கற் போல் வழவழப்பாயிருக்கும். 2023-க்குப் பின்னர் அதன்மேல் ஒரு மயிரிழையும் கூடியதில்லை.

இப்பொழுது மும்மாதத்திற்கு ஒருமுறை மருத்துவரிடஞ் சென்று வருகின்றோம். திட்டு வளரவில்லை, மறையவுமில்லை. மாலைப் பாடம் நடந்துகொண்டே இருக்கின்றது. யான் நிரப்புவேன், அவர்கள் ஒருமுறை இழுத்துப் பார்த்துத் தலையசைப்பார்கள், பின்னர்ச் சிறு கரண்டியின் காம்பினால் இலையை முழுதும் தோண்டி எடுத்துத் தகரப் பெட்டியிலேயே மீண்டும் இட்டு வைப்போம். கடைசியாக வாங்கிய பெட்டி அது, வேறு வாங்கியதில்லை. நாள்தோறும் நிரப்பியும் கொட்டியும் அவ்விலை நைந்துவிட்டது. இழை இழையாயிருந்தது தூளாகி, மணமும் குன்றி, சென்ற வாரம் நெருக்கிப் பார்த்தபொழுது விரலிடையே மணல்போல் உதிர்ந்தது. "பதம் கெட்டுவிட்டது, தாத்தா" என்றேன். பாட்டனார் வாங்கிப் பார்த்து, ஆப்பிள் ஒன்றின் தோலை மெல்லியதாகச் சீவித் தரச் சொன்னார்கள். அதனை இலையின்மேல் வைத்து மூடியை அழுத்தி மூடினார்கள். இரண்டு நாளில் ஈரம் ஏறிவிடுமாம். அதற்குமேல் வைத்தாற் பூசணம் பிடிக்கும், சனிக்கிழமை மறவாமல் தோலை எடுத்துவிடு என்றார்கள்.